வாசலில் மிஞ்சிய நீலச் செருப்பு

கடற்கரை ஊர்களைச் சுனாமி அடித்துவிட்டுப் போனதற்கு மறு வருஷம், தீபாவளி முடிந்து வந்த கார்த்திகை மழையில், ஆனைக்குட்டத்துக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் சின்ன ஊரில் இது நடந்தது. அப்போது எனக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. சிவகாசி பக்கத்தில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் சரவெடி பின்னிக்கொண்டிருந்தேன். என் வீட்டுக்காரர் மஞ்சள் காமாலையில் போய்ச் சேர்ந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. பிள்ளை இல்லை. பிறந்த வீட்டில் அண்ணனும் அண்ணியும் "இங்கேயே வந்துவிடு" என்று கூப்பிட்டார்கள்தான். கூப்பிட்ட விதத்திலேயே வரவேண்டாம் என்பதும் சேர்ந்திருந்ததால், கல்யாணமாகி வந்த ஊரிலேயே இருந்துவிட்டேன்.

தனியாக இருப்பது பழகிவிட்டது என்று எல்லோரிடமும் சொல்வேன். யாரும் கேட்காமலே சொல்வேன். காலையில் கம்பெனி வேன் தெருமுனையில் வந்து ஹாரன் அடிக்கும், ஏறிக்கொள்வேன். சாயங்காலம் இறக்கிவிடும். கதவைத் திறந்தால், காலையில் காப்பி குடித்துவிட்டு வைத்த டம்ளர் வைத்த இடத்திலேயே இருக்கும். அதை எடுத்து வைக்க வீட்டில் இன்னொரு கை கிடையாது. சில நாள் அந்த டம்ளர் மேலேயே எனக்குக் கோபம் வரும்.

கோபம் என்றதும் இதையும் சொல்லிவிடுகிறேன். எனக்கு அது மூக்கு நுனியில் இருக்கும். பைப்படியில் ஒருத்தி "உனக்கென்ன, ஒரு குடம் போதாதா, ஒத்த ஆளுதான" என்று சொல்லிவிட்டாள் என்பதற்காக அவளோடு பேச்சை நிறுத்தினேன். அவளுக்கு ஆதரவாகப் பேசியவளோடும் நிறுத்தினேன். இப்படியே ஒவ்வொருவராக நிறுத்திக்கொண்டே வந்ததில், அந்த மழைக்காலம் தொடங்கியபோது எங்கள் தெருவில் நான் பேசுவதற்கு ஆளே மிச்சம் இல்லை. அதைக் கௌரவம் என்று நினைத்துக்கொண்டு தலையை நிமிர்த்தி நடந்தேன்.

இனி நடந்ததைச் சொல்வதற்கு முன்னால் எங்கள் வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பட்டாசு வேலைக்குப் போகிறவர்களுக்கு முதல் நாள் கற்றுத்தருவது ஓடுவதற்குத்தான். திரி பிடிப்பது, பின்னுவது எல்லாம் அதற்கு அப்புறம். எங்கள் போர்மேன் புதிதாகச் சேர்ந்தவர்களை வெயிலில் நிறுத்திவைத்துச் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது.

"சத்தம் கேட்டா கையில உள்ளத அப்பிடியே போட்டுட்டு ஓடணும். திரும்பிப் பாக்கக் கூடாது. தூக்குச்சட்டிய எடுக்கணும், கூட இருக்கவளக் கூப்புடணும்னு நின்னீகன்னா அம்புட்டுத்தான். கட்டடத்த விட்டு வெட்டவெளியப் பாத்து ஓடுங்க. ஓடிப்போயிக் குப்புறப் படுத்துருங்க."

அதைத் திரும்பத் திரும்பச் சொல்லி, அவ்வப்போது விசில் ஊதி ஓடவிட்டும் பழக்கினார்கள். கடைசியில் அது காலுக்குள் போய் உட்கார்ந்துவிட்டது. தெருவில் லாரி டயர் வெடித்தாலும் எங்கள் ஊர்ப் பெண்கள் பாதிப்பேர் கையிலிருப்பதைப் போட்டுவிட்டு வெளியே வந்து நிற்பார்கள். அப்புறம் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டு உள்ளே போவார்கள்.

இன்னொரு பழக்கமும் உண்டு. வெடிமருந்து புழங்கும் அறைக்குள் செருப்புக் காலோடு போகக் கூடாது. ஒரு மணல் துகள் உரசினாலும் ஆபத்து. அதனால் எல்லோரும் அறைக்கு வெளியே வரிசையாகக் கழற்றிப் போட்டுவிட்டுத்தான் உள்ளே போவோம். அந்தச் செருப்பு வரிசைக்கு இன்னொரு வேலையும் இருக்கிறது. நான் சேர்ந்த புதிதில் கம்பெனியின் கோடி அறை ஒன்றில் விபத்து நடந்தது. ஓடியவர்கள் எல்லோரும் வெகுநேரம் கழித்து ஒவ்வொருவராகத் திரும்பி வந்தார்கள். அன்றைக்கு யார் வேலைக்கு வந்தார்கள், யார் லீவு என்று அந்தப் பதற்றத்தில் ஒருவருக்கும் நினைவு வரவில்லை. போர்மேன் செருப்பு வரிசைக்குப் பக்கத்தில் நின்று, "அவுக அவுக செருப்பப் போடுங்க" என்று மட்டும் சொன்னார். போட்டோம். கடைசியில் ஒரு ஜோடி அங்கேயே கிடந்தது. எங்கள் பக்கத்தில் மிஞ்சிய செருப்பு என்றால் என்னவென்று சின்னக் குழந்தைக்கும் தெரியும்.

சரி, மழைக்கு வருகிறேன். தீபாவளி சீசன் முடிந்ததும் கம்பெனிகளை மூடிவிடுவார்கள். வெயில் இல்லாமல் எதையும் காயவைக்க முடியாது என்பதால் மழை விட்டு, பூஜை போட்டு, மறுபடி திறக்கும்வரை எல்லோரும் வீட்டில்தான். அந்த வருஷம் மழை விடுவதாக இல்லை. குடிக்கத் தண்ணீர் இல்லை என்று குடத்தைத் தூக்கிக்கொண்டு அலைகிற எங்கள் கந்தக பூமியில், தண்ணீரைப் பார்த்துப் பயப்படும் நாளும் வரும் என்று யார் நினைத்தார்கள்? ஊருக்கு மேற்கே இருக்கும் கண்மாய் தளும்பி, கரை ஊற ஆரம்பித்துவிட்டது. ஒரு நாள் காலையில் ஆட்டோவில் மைக் கட்டிக்கொண்டு வந்து, எல்லோரும் பள்ளிக்கூடத்துக்குப் போய்விடும்படி சொன்னார்கள்.

பள்ளிக்கூடம் ஊருக்கே மேடான இடத்தில் இருக்கும் காங்கிரீட் கட்டடம். முன்பக்கம் ரோடு. பின்பக்கம் சரிந்து இறங்கினால் ஒரு வாய்க்கால், அதைத் தாண்டினால் பெரிய பொட்டல், சுற்றிலும் சீமைக்கருவேலங் காடு. பொட்டலின் நடுவில் எப்போதோ மூடிப்போன தீப்பெட்டி ஆபீஸ் ஒன்றின் சிமெண்ட் களம் முழங்கால் உயரத்துக்கு நின்றது. ஒரு காலத்தில் தீக்குச்சி காயப்போட்ட களம்.

நான் ஒரு மஞ்சள் பையில் மாற்றுச் சேலையையும் என் வீட்டுக்காரர் போட்டோவையும் வைத்துக்கொண்டு போனேன். மற்றவர்கள் எல்லாம் பானை, படுக்கை, கோழி, ஆடு, கிழவர், குழந்தை என்று பட்டாளமாக வந்தார்கள். ஓடைக்கு அந்தப் பக்கத்து ஊர்க்காரர்களையும் அங்கேதான் கொண்டுவந்து சேர்த்திருந்தார்கள். வகுப்பறைத் தரை சில்லென்று இருந்தது. சிவகாசியிலிருந்து அச்சகம் வைத்திருக்கும் அண்ணாச்சி ஒருவர், கீழே விரித்துக்கொள்ளச் சொல்லி, அச்சடிக்கும்போது கெட்டுப்போன காலண்டர் தாள்களைக் கட்டுக்கட்டாக அனுப்பியிருந்தார். நிறம் விலகி அச்சாகியிருந்த சாமி படங்கள். சரஸ்வதிக்கு நாலு கண், முருகனுக்கு வேல் ஒரு பக்கம், கை ஒரு பக்கம். சாமி மேல் எப்படிப் படுப்பது என்று பெண்கள் தாளைத் திருப்பிப்போட்டு, வெள்ளைப் பக்கத்தில் உட்கார்ந்தார்கள்.

பழைய துணி மூட்டையும் வந்தது. போன வருஷம் இதே பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்துதான் நாங்கள் கடற்கரை ஊர்களுக்குத் துணி மூட்டை கட்டினோம். நானும் ஒரு சேலை கொடுத்திருந்தேன், அதில் ஒரு பெருமையும் எனக்கு இருந்தது. இப்போது யாரோ உடுத்திக் கொடுத்த சேலையை என் பக்கம் நீட்டியபோது கை நீளவில்லை. வேண்டாம் என்றுவிட்டேன். கொடுப்பதற்கு ஒரு மனசு போதும், வாங்குவதற்கு எத்தனை மனசு வேண்டும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

சாப்பாடு குடும்பத்துக்கு ஒரு வாளி என்று ஊற்றினார்கள். ஒரு பெரியவர் கரண்டியோடு வந்து, "நீங்க யாரு கூடச் சேந்து வாங்குறீகத்தா?" என்று கேட்டார். நல்ல எண்ணத்தில்தான் கேட்டார். தனித்தனியாக ஊற்றப் பாத்திரம் இல்லை, அவ்வளவுதான் விஷயம். ஆனால் எனக்குச் சுருக்கென்றது.

"யாரு கூடயும் இல்ல. எனக்குப் பசிக்கல" என்றேன்.

எனக்கு நல்ல பசி.

பக்கத்தில் பச்சைச் சேலை கட்டிய ஒரு பெண் இருந்தார். ஓடைக்கு அந்தப் பக்கத்து ஊர், அதற்கு முன் நான் பார்த்ததில்லை. நாற்பது வயது இருக்கும். கூடவே மாமியார், புருஷன், ரெண்டு பிள்ளைகள். அவர் தன் வாளியைக் கொஞ்சம் என் பக்கம் நகர்த்தி, "இங்கன வந்து உக்காருங்க மதினி. இருக்கத எல்லாருமாச் சாப்புடுவோம்" என்றார். நான் கேட்காத மாதிரி எழுந்து, அறையின் வாசலோரமாகப் போய் உட்கார்ந்துகொண்டேன். அங்கே சாரல் அடித்தது. பரவாயில்லை, யாருடைய வாளியும் என் கண்ணில் படவில்லை.

வாசலுக்கு வெளியே எல்லோருடைய செருப்பும் வரிசையாகக் கிடந்தது. கம்பெனியில் இருக்கும் அதே ஒழுங்கு. பள்ளிக்கூடத்தில் கழற்றச் சொல்லி யாரும் சொல்லவில்லை, பழக்கம். என்னுடையது நீல ரப்பர் செருப்பு. ஒரு பக்கம் வார் அறுந்து, சரவெடி பின்னுகிற சணல் நூலால் இறுக்கிக் கட்டியிருந்தேன். அன்று ராத்திரி முழுவதும் மழைச் சத்தத்தையும், நாலா பக்கமும் குடும்பம் குடும்பமாக மூச்சு விடுகிற சத்தத்தையும் கேட்டுக்கொண்டு கிடந்தேன். அவ்வளவு பேருக்கு நடுவில் இருந்தபோதுதான், என் வீட்டில் தனியாக இருப்பதைவிட அதிகத் தனிமையாக இருந்தது.

மறுநாள் மத்தியானத்துக்கு மேல் அந்தச் சத்தம் கேட்டது.

தூரத்தில், ஆனால் தரை அதிர்கிற மாதிரி ஒரே ஒரு வெடி. பூட்டிக் கிடந்த ஒரு கம்பெனியின் மருந்து ரூமுக்குள் மழைத்தண்ணீர் இறங்கி, மிச்சமிருந்த மருந்து சூடேறி வெடித்திருக்கிறது. நல்லவேளை அங்கே யாரும் இல்லை. இதெல்லாம் பிறகு தெரிந்தது. அந்த நேரத்தில் எனக்கு எதுவும் தெரியாது. தெரிந்துகொள்ளவும் நான் நிற்கவில்லை. என் கால் எழுந்துவிட்டது.

கையிலிருந்த மஞ்சள் பையைப் போட்டேன். திரும்பிப் பார்க்கவில்லை. யாரையும் கூப்பிடவில்லை. வாசலோரம் இருந்ததால் முதல் ஆளாக வெளியே வந்தேன். பள்ளிக்கூடத்தின் பின்பக்கச் சரிவில் வெறுங்காலோடு இறங்கி, வாய்க்காலில் ஓடிய முழங்கால் தண்ணீரைத் தாண்டி, பொட்டலுக்குள் ஓடினேன். கட்டடத்தை விட்டுத் தள்ளி, வெட்டவெளி. போர்மேன் சொல்லிக்கொடுத்ததில் ஒன்றைக்கூட நான் தவறவிடவில்லை. களத்துக்குப் பக்கத்தில் போய்க் குப்புற விழுந்தேன். முகம் தண்ணீருக்குள் போனது. வாய்க்குள் சேறு போனபிறகுதான், தண்ணீருக்குப் பயந்து வந்து தங்கியிருந்த இடத்தை விட்டுத் தண்ணீரைத் தேடி ஓடிவந்திருக்கிறேன் என்று எனக்கு உறைத்தது.

எழுந்து சுற்றிலும் பார்த்தேன். எப்போது ஓடினாலும் பக்கத்தில் யாராவது விழுந்து கிடப்பார்கள், மூச்சு வாங்குவார்கள், அழுவார்கள். அந்தப் பொட்டலில் என்னைத் தவிர ஒருவரும் இல்லை.

ஏன் என்று யோசித்துக்கொண்டு நிற்காமல் உடனே கிளம்பியிருந்தால்கூடத் திரும்பிப் போயிருக்கலாம். அதற்குள் மேற்கே 'ஹோ' என்று ஒரு இரைச்சல் கேட்டது. கண்மாய்க் கரை உடைந்துவிட்டது. செம்மண் தண்ணீர் முதலில் வாய்க்காலைத்தான் பிடித்தது. நான் சற்றுமுன் தாண்டிவந்த முழங்கால் வாய்க்கால், கண்ணெதிரே ஆறு மாதிரி அகன்றது. முள் மரம், வைக்கோல், யார் வீட்டுக் கூரையோ எல்லாம் அதில் போனது. பள்ளிக்கூடம் அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம். தீப்பெட்டி ஆபீஸ் களத்தில் ஏறி, அதன் மூலையில் நின்ற கல்தூணைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன்.

தண்ணீர் களத்தின் மேல் ஏறியது. கணுக்கால், முழங்கால் என்று மெதுவாக ஏறியது. வேகமாக ஏறியிருந்தால் இவ்வளவு யோசித்திருக்க மாட்டேன். கத்தினேன். கருவேலங் காடு பள்ளிக்கூடத்தை மறைத்தது, மழை என் சத்தத்தை மறைத்தது. தொண்டை கட்டும்வரை கத்தினேன். எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

பிறகு கத்துவதை நிறுத்திவிட்டேன். பயத்தைவிட மோசமான ஒன்று அப்போது வந்தது. என்னைத் தேடுவதற்கு யார் இருக்கிறார்கள் என்று எண்ணிப் பார்க்க ஆரம்பித்தேன். பள்ளிக்கூடத்தில் ஒவ்வொருத்தியும் தன் பிள்ளையை எண்ணுவாள், மாமியாரைப் பார்ப்பாள், புருஷனைக் கூப்பிடுவாள். எந்தக் கணக்கிலும் நான் வரமாட்டேன். தெருக்காரர்கள் நான் இல்லாததைக் கவனித்தாலும், "அவ எங்கிட்டாவது மூஞ்சியத் தூக்கிவச்சுக்கிட்டு உக்காந்திருப்பா" என்றுதான் நினைப்பார்கள். கம்பெனி திறந்து வேன் வந்தால் டிரைவர் ஹாரன் அடிப்பார். வராவிட்டால் இன்னொரு தரம் அடித்துவிட்டுப் போய்விடுவார். எத்தனை யோசித்தும், நான் இல்லை என்று கண்டுபிடிக்கப் போகிற ஒரு ஆள் எனக்கு அகப்படவில்லை. அந்த டம்ளர் நினைவுக்கு வந்தது. அது அங்கேயே, வைத்த இடத்திலேயே இருக்கும். அழுகையாக வந்தது. சாவதற்குக்கூட அவ்வளவு அழவில்லை, காணாமல் போனது யாருக்கும் தெரியாமல் போய்விடுமே என்றுதான் அழுதேன்.

என் வீட்டுக்காரரைத் திட்டினேன். "நல்லா விட்டுட்டுப் போனீக" என்று தூணிடம் சொன்னேன். தண்ணீர் இடுப்புக்கு வந்திருந்தது. கால் மரத்துப்போய், சிமெண்ட் மேல் நிற்கிறேனா மிதக்கிறேனா என்று தெரியவில்லை. பொழுது சாய ஆரம்பித்தது. இன்னும் கொஞ்சம் இருட்டிவிட்டால் கையை விட்டுவிடுவேன் என்று எனக்கே தெரிந்தது.

அப்போதுதான் தட்டைக் கரண்டியால் அடிக்கிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. அதற்கு நடுவில் ஒரு பெண் குரல்.

"ஏ... நீலச் செருப்பூ! நீலச் செருப்புக்காரீ! எங்கன இருக்க?"

முதலில் எனக்குப் புரியவில்லை. பிறகு புரிந்தது. அந்த ஊரிலேயே, உலகத்திலேயே அந்த நேரத்தில் என்னைத்தான் யாரோ கூப்பிடுகிறார்கள். பெயர் தெரியாமல் கூப்பிடுகிறார்கள்.

"இருக்கேன்!" என்றேன். குரல் வரவில்லை. மூச்சை இழுத்து மறுபடியும் கத்தினேன். "இங்கன இருக்கேன்! களத்துல இருக்கேன்!"

தட்டுச் சத்தம் நின்றது. "ஏலே, களத்துல சத்தம் கேக்குது, கயித்த எடுங்கலே!" என்று அதே குரல் யாரையோ விரட்டியது. பிறகு வெகுநேரம் ஒன்றும் கேட்கவில்லை. கனவோ என்று நினைத்தேன். கருவேல மரங்களுக்கு நடுவில், லாரி டயர் டியூபைக் கட்டிப்பிடித்துக்கொண்டு இரண்டு ஆண்கள் வந்தார்கள். இடுப்பில் லோடு கட்டுகிற கயிறு. அதன் மறுமுனையை மேட்டில் நாலைந்து பேர் பிடித்திருந்தார்கள். தூணிலிருந்து என் கையை அவர்கள்தான் ஒவ்வொரு விரலாகப் பிரித்தார்கள். எனக்குப் பிரிக்க வரவில்லை. முள் கிழித்துக்கொண்டே இழுத்துக் கொண்டுவந்து சரிவில் போட்டார்கள். அந்த இருவரில் ஒருவர், நான் பைப்படிச் சண்டையில் பேச்சை நிறுத்தியவளின் புருஷன். "கெட்டியாப் பிடிச்சுக்கத்தா" என்பதைத் தவிர அவர் வேறு எதுவும் சொல்லவில்லை.

மேட்டில் பச்சைச் சேலைக்காரர் நின்றார். ஒரு கையில் நசுங்கிய தட்டு. இன்னொரு கையில் என் செருப்பு இரண்டையும் சேர்த்து, மார்போடு அணைத்துப் பிடித்திருந்தார். என்னைப் பார்த்ததும் கட்டிப்பிடிப்பார் என்று நினைத்தேன். திட்டினார்.

"கூறு கெட்டவளே! வாளியில சாப்புடக் கூப்புட்டா எந்திரிச்சுப் போற. வெடி கேட்டா ஒத்தையில ஓடுற. ஒனக்குன்னு ஒருத்தரும் இல்லையா, ஒருத்தரக் கூப்புட்டுட்டு ஓட மாட்டியா?"

"இல்லக்கா" என்றேன். அவ்வளவு உண்மையாக அந்த வார்த்தையை நான் யாரிடமும் சொன்னதில்லை.

அவர் குனிந்து, என் சேற்றுக் காலைத் தன் முந்தானையால் துடைத்து, செருப்பை ஒவ்வொன்றாக என் காலில் மாட்டிவிட்டார். வேண்டாம் என்று காலை இழுத்தேன். விடவில்லை.

உள்ளே நடந்ததை அப்புறம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். வெடிச் சத்தத்துக்கு அத்தனை பேரும் எழுந்திருக்கிறார்கள், எல்லோர் காலும் என் கால் மாதிரிதான். ஆனால் ஒருத்தி தூளியில் தூங்கிய பிள்ளையை எடுக்கத் திரும்பியிருக்கிறாள். ஒருவர் நடக்க முடியாத அப்பாவைத் தூக்கக் குனிந்திருக்கிறார். இன்னொருத்தி தன் மகளின் பெயரைச் சொல்லிக் கத்தியபடி வாசலை அடைத்துக்கொண்டு நின்றிருக்கிறாள். போர்மேன் செய்யக் கூடாது என்று சொன்ன எல்லாவற்றையும் செய்திருக்கிறார்கள். அந்தத் தாமதத்துக்குள் டீச்சர் ஒருவர் ஓடிவந்து கிரில் கேட்டைச் சாத்தி, "வெளிய தண்ணி, உள்ளதான் இருக்கணும்" என்று கத்தியிருக்கிறார். கொஞ்ச நேரத்தில் கண்மாய் உடைந்திருக்கிறது. அன்றைக்குக் கூப்பிட ஆள் இருந்தவர்கள் எல்லோரும் தப்பித்தார்கள். கூப்பிட ஆள் இல்லாத நான் ஒருத்திதான் கற்றுக்கொடுத்தபடி ஒழுங்காக ஓடியவள்.

ஆள் குறைகிறதா என்று குடும்பம் குடும்பமாக எண்ணிப் பார்த்து, எல்லோரும் சரியாக இருக்கிறார்கள் என்று சமாதானமாகிவிட்டார்கள். பச்சைச் சேலைக்காரருக்கு மட்டும் மனசு ஆறவில்லை. வராந்தாவில் சாரல் ஏறியதால் செருப்புகளை உள்ளே எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். "அவுக அவுக செருப்ப எடுங்க" என்று இவர்தான் வாசலில் நின்று சொன்னாராம். எல்லோரும் எடுத்தார்கள். ஒரு ஜோடி கிடந்தது. நீல ரப்பர், சணல் கட்டு.

அத்தனை பேரும் பட்டாசுக் கம்பெனி ஆட்கள். அந்தக் காட்சியை எங்காவது ஒரு தரம் பார்க்காதவர்கள் அதில் குறைவு. யாருடைய செருப்பு என்று தெரிவதற்கு முன்னாலேயே சில பெண்கள் அழ ஆரம்பித்துவிட்டார்கள் என்று சொன்னார்கள். நான் களத்தில் நின்று, எனக்காக அழ ஒருத்தரும் இல்லை என்று அழுதுகொண்டிருந்த அதே நேரத்தில், என்னை யார் என்றே தெரியாதவர்கள் எனக்காக அழுதிருக்கிறார்கள். என் தெருக்காரி ஒருத்தி சணல் கட்டைப் பார்த்துவிட்டு, "இது அவளுது" என்று அடையாளம் சொல்லியிருக்கிறாள். பைப்படியில் "ஒத்த ஆளுதான" என்று சொன்னாளே, அவள்தான். ஆண்கள் தண்ணீரைப் பார்த்துத் தயங்கியபோது, என் பெயரைக்கூடக் கேட்டுக்கொள்ளாமல், செருப்பையும் தட்டையும் எடுத்துக்கொண்டு பின்பக்க வெட்டவெளியைப் பார்த்து மழையில் இறங்கியவர் பச்சைச் சேலைக்காரர். அவருக்குப் பின்னால்தான் மற்றவர்கள் கயிறும் டியூபும் தேடி ஓடினார்கள்.

அன்று ராத்திரி அவருடைய வாளியில் சாப்பிட்டேன். அவர் மாமியார் போர்வையில் பாதி கொடுத்தார். பழைய சேலையையும் வாங்கி உடுத்திக்கொண்டேன். முன்பின் தெரியாத எனக்காக ஏன் அப்படி இறங்கினீர்கள் என்று கேட்டதற்கு, அவர் சாதாரணமாகச் சொன்னார். "எங்க அக்கா செருப்பு இப்பிடித்தாம்மா கெடந்துச்சு. அதக் கையில தூக்கிட்டு வீட்டுக்கு வந்தவ நான். இதயும் அப்பிடித் தூக்கிட்டுப் போக என்னால முடியாதுன்னு தோணுச்சு." சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துவிட்டார்.

தண்ணீர் வடிந்ததும் அவர்கள் ஊருக்குப் போய்விட்டார்கள். வீடு இருந்த இடம் இல்லாமல் போனதால், கொஞ்ச நாளில் சாத்தூர் பக்கம் குடிபோனதாகக் கேள்விப்பட்டேன். அதன்பிறகு ஒரு கல்யாண வீட்டில் ஒரே ஒருமுறை பார்த்தேன். கூட்டத்தில் இரண்டு வார்த்தை பேசுவதற்குள் அவரைப் பந்திக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். அவ்வளவுதான் எங்கள் உறவு. நான் இன்னும் தனியாகத்தான் இருக்கிறேன். டம்ளர் வைத்த இடத்திலேயேதான் இருக்கிறது. ஆனால் தெருவில் பேச்சு நிறுத்தியவர்களோடு ஒவ்வொருவராகப் பேச ஆரம்பித்தேன். நிறுத்தியதைவிட ஆரம்பிப்பது கஷ்டமாக இருந்தது.

அடுத்த மழைக்காலத்துக்குள் பள்ளிக்கூடத்தில் கயிறும் இரண்டு லாரி டியூபும் வாங்கி வைத்தார்கள். எங்கள் ஊர்ப் பெண்கள் இன்னொரு ஏற்பாட்டையும் தாங்களாகச் செய்துகொண்டார்கள். ஒற்றை ஆளாக இருப்பவர்களை மழைக்கு ஒதுங்கும்போது ஏதாவது ஒரு குடும்பத்தோடு சேர்த்துவிடுவது, வெடி கேட்டாலும் இடி கேட்டாலும் அவர்கள் பெயரையும் சேர்த்துக் கூப்பிடுவது. வானம் இருட்டினால் யார் வீட்டில் யார் தனியாக இருக்கிறார்கள் என்று போய்ப் பார்த்துவிட்டு வரும் வேலையை நான் எடுத்துக்கொண்டேன். சிலர் என் மாதிரியே முகத்தைத் தூக்குவார்கள். நான் வாசலில் உட்கார்ந்துகொள்வேன், எழுந்துவர மாட்டேன்.

அந்த நீலச் செருப்பு தேய்ந்து, ஓட்டை விழுந்து, ஒரு நாள் தூக்கிப்போட வேண்டியதாகிவிட்டது. ஆனால் இன்றைக்கும் கோயிலோ கல்யாண வீடோ ஆஸ்பத்திரியோ, எந்த வாசலில் செருப்பைக் கழற்றினாலும் பக்கத்தில் கிடப்பவற்றை ஒருமுறை பார்த்து வைத்துக்கொண்டுதான் உள்ளே போகிறேன். கூட்டம் கலைந்த பிறகு அங்கே ஒரு ஜோடி மிஞ்சிக் கிடந்தால், அது யாருடையது என்று கேட்டு, அந்த ஆளைக் கண்ணால் பார்க்காமல் என்னால் அந்த இடத்தை விட்டு வர முடிவதில்லை.